எண்ணுகிறவர் எதிரே இருக்க வேண்டும்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும் சங்கரேஸ்வரி அக்கா சொன்னது. அவர்களும் பாதியைத்தான் பார்த்தார்கள். மீதி, அவர்களுடைய அப்பா சொல்லிக் கேட்டது. அதனால் பேச்சுகளில் ஒரு சொல் முன்பின் இருக்கலாம். நடந்ததில் நான் எதையும் கூட்டவில்லை என்று மட்டும் சொல்ல முடியும்.

*

"என்னோட பழைய உடம்பு எனக்குத் திரும்ப வேணும்" என்றார் கொம்பையா.

செண்பகவல்லி கர்லாக்கட்டைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்க வச்சீங்க அண்ணாச்சி?"

"எதை?"

"பழைய உடம்பை."



*

கோவில்பட்டியில் ரயில் பாதைக்குத் தெற்கே இருக்கிறது அந்தக் கர்லாக்கூடம். செம்மண் கொட்டிய தரை. தகரக் கூரை. சுவரோரம் வரிசையாக மரக்கட்டைகள். அடி பருத்து, பிடி மெலிந்து, முழங்கை நீளத்திலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் இருக்கும். அவற்றைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுற்றி முன்னால் எடுப்பதுதான் பயிற்சி.

கொம்பையாவுக்கு அப்போது அறுபத்தொரு வயது. செண்பகவல்லிக்கு நாற்பத்து மூன்று. அவர்தான் வாத்தியார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. அவரை ஊர் பெரிய வாத்தியார் என்று சொல்லும்.

கொம்பையா பெரிய வாத்தியாரிடம் படித்தவர். அந்தக் காலத்தில் செண்பகவல்லி ஏழு வயதுப் பிள்ளை. ஒரு டின்னைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கொம்பையா சுற்றுவதை எண்ணிச் சொல்லும். பதினாறுக்கு அப்புறம் எப்போதும் பதினெட்டு என்று சொல்லும். பதினேழு அதற்குப் பிடிக்காது.

அந்தப் பிள்ளையிடம்தான் இப்போது கைகட்டி நின்றார்.

*

"எதுக்கு இப்ப பழைய உடம்பு?" என்று கேட்டார் செண்பகவல்லி.

"கோமுவைத் தூக்கணும்."

செண்பகவல்லி எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார்.

கோமு என்றால் கோமதியம்மாள். கொம்பையாவின் மனைவி, சங்கரேஸ்வரி அக்காவின் அம்மா. புரட்டாசியில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, எல்லாவற்றுக்கும் கொம்பையாதான் தூக்க வேண்டும்.

"போன வாரம் குளியலறைப் படியில வச்சு விட்டுட்டேன் தாயி. ரெண்டு பேரும் விழுந்துட்டோம். எனக்கு எந்திரிக்க முடியல. அவளுக்கும் முடியல. அரைமணி நேரம் தரையில கெடந்தோம். பக்கத்து வீட்டுக்காரங்க வந்துதான் எடுத்தாங்க. அவங்க தூக்கும்போது அவ கண்ணை இறுக்க மூடிக்கிட்டா."

"ஆள் வச்சுப் பாத்தீங்களா?"

"ரெண்டு வாரம் ஒரு அம்மா வந்தாங்க. இவ சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. சாப்பிடவும் இல்ல."

"மக என்ன சொல்லுது?"

"பொங்கல் முடிஞ்சதும் அவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறேங்கா. மூணாவது மாடி. போனா இறங்க மாட்டா. அதைச் சொன்ன அன்னைக்கு இவ இடது கையால கட்டில் சட்டத்தைப் பிடிச்சவ, ராத்திரி வரைக்கும் விடல."

சுவரோரக் கட்டைகளைப் பார்த்தார்.

"தைக்குள்ள நான் அவளைத் தூக்கிக் காட்டணும். கீழ போடாம."

*

"என் கட்டையைக் கொடு தாயி" என்றார்.

"எது?"

"அந்தக் கடைசியில நிக்கே, அது."

சுவரோரத்தில் எல்லாவற்றையும் விட உயரமான கட்டை. ஒரு காலத்தில் அதை முப்பது தடவை சுற்ற அந்தக் கூடத்தில் மூன்று பேரால்தான் முடியும். மில்லில் அடுத்த ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்குள் முப்பதையும் முடித்துவிட்டு, வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடுவார் கொம்பையா.

செண்பகவல்லி ஒதுங்கி நின்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

கொம்பையா எடுத்தார். முதல் சுற்றில் கட்டை தோளைத் தாண்டிப் பின்னால் போனது. திரும்பி வரவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு போனது. செம்மண்ணில் உட்கார்ந்தார்.

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். செண்பகவல்லி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது.

"வலிக்குதா அண்ணாச்சி?"

"இல்ல."

"எங்க?"

"இடுப்புல."

*

செண்பகவல்லி பக்கத்தில் வந்து அவரும் மண்ணில் உட்கார்ந்தார்.

"எப்ப விட்டீங்க?"

"எதை?"

"இதை எல்லாம்."

கொம்பையா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"விடல தாயி. ஒருநாள் வரல. மறுநாளும் வரல. அவ்வளவுதான். மூணாவது நாள் வந்திருந்தா வந்திருப்பேன்."

"நடை?"

"அது இருந்துச்சு. வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைக்கு நடந்தேதான் போவோம், நானும் கோமுவும். விடியக்காலம் கிளம்பினா வெயில் ஏறுறதுக்குள்ள கோபுரம் தெரியும். அவ என்னைவிட வேகமா நடப்பா. முன்னால போயி எங்கயாவது மஞ்சணத்தி நிழல்ல உக்காந்துக்கிட்டு, 'இப்பத்தான் வாறியளா, நான் தூங்கியே எந்திரிச்சுட்டேன்'ம்பா. அவ சேலைத் தலைப்புல முடிஞ்சு வச்ச பொரிகடலையை ரெண்டு பேரும் தின்போம்."

"அப்புறம்?"

"வண்டி வாங்கினேன்."

செண்பகவல்லி வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"அப்புறம் மில்லுல டைம் ஆபீஸ்ல போட்டாங்க. உட்காந்த வேலை. வந்தவன் போனவன் பேரை எழுதணும். இருபது வருஷம். சங்கு ஊதும்போது எல்லாரும் ஓடுவான். நான் பாத்துக்கிட்டிருப்பேன். நல்லாத்தான் இருந்துச்சு."

கொஞ்ச நேரம் செம்மண்ணைக் கையால் அளைந்தார்.

"ஒரு ஐப்பசி மழையில மில் குடியிருப்புக்குள்ள இடுப்பளவு தண்ணி வந்துட்டு. அப்ப சங்கரி வயித்துல. ஒரு தோள்ல கோமு, ஒரு தோள்ல அரிசி மூட்டை. ரோட்டு வரைக்கும் கொண்டாந்து விட்டேன். 'இறக்கி விடுங்க, நான் நடந்தே வாரேன்'னு முதுகுல குத்திக்கிட்டே வந்தா. அன்னைக்கு எனக்கு மூச்சு வாங்கல தாயி. எது மூட்டை எது கோமுன்னு தெரியல."

"அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். நாலு நாள் பேசல."

*

செண்பகவல்லி எழுந்துபோய் ஒரு கட்டையை எடுத்து வந்து கொடுத்தார்.

கொம்பையா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கை நீளம்கூட இல்லை.

"இது சின்னப் பிள்ளைக கட்டை."

"ஆமா."

"இதை வச்சு என்ன பண்ண?"

"இருபது சுத்து."

"காலையிலயா சாயங்காலமா?"

"ஒரு நாளைக்கு."

"நான் ஒரு நாளைக்கு முந்நூறு சுத்தினவன் தாயி."

"தெரியும். எண்ணினது நான்தான். அதுல பதினேழு எத்தனை விட்டுப்போச்சோ."

கொம்பையாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தைக்கு இன்னும் ரெண்டு மாசம்கூட இல்ல."

"இன்னைக்கு இருபது. நாளைக்கு இருபது. மூணாவது நாள் இருபது."

"அப்புறம்?"

"மூணாவது நாள் வந்துட்டுக் கேளுங்க."

அவர் வாசல் தாண்டும்போது செண்பகவல்லி கூப்பிட்டார்.

"கூடத்து வழக்கம் ஞாபகம் இருக்குல்லா? சுத்துறவங்க எண்ணக் கூடாது. எதிர்ல ஒருத்தர் இருந்து எண்ணணும்."

*

மூன்றாவது நாள் கொம்பையா வந்தார்.

"எத்தனை?"

"இருபது. மூணு நாளும் இருபது."

"யார் எண்ணினா?"

கொம்பையா செருப்பைப் பார்த்தார்.

"நான்தான்."

"அப்ப இருபது இல்ல."

"என்ன தாயி இது. எனக்கு எண்ணத் தெரியாதா? ஆயிரம் பேரு வருகையை எண்ணினவன்."

"அவங்களை எண்ணினீங்க. உங்களை எண்ணிக்கல. வீட்ல யார் இருக்கா?"

"அவ ஒருத்திதான்."

"சரி."

"என்ன சரி? அவளுக்குப் பேச்சு இல்ல தாயி. உனக்குத் தெரியும்."

"பேசச் சொல்லல அண்ணாச்சி. எண்ணச் சொன்னேன்."

*

அன்று கொம்பையா கட்டிலைத் திருப்பிப் போட்டார். அதுவரை அது சுவரைப் பார்த்துக் கிடந்தது. இப்போது முற்றத்தைப் பார்த்தது. தலையணைகளை அடுக்கி மனைவியைச் சாய்த்து உட்கார வைத்தார்.

"எண்ணு" என்றார்.

கோமதியம்மாள் அவரைப் பார்த்தார். கையில் இருந்த குட்டிக் கட்டையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாளும் மூடிக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் கொம்பையா சுற்றிக்கொண்டிருந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இடது கை விரல் கட்டில் சட்டத்தில் தட்டியது.

கொம்பையா திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடும் என்று பயந்தார். சுற்றிக்கொண்டே இருந்தார்.

டக்.

டக்.

தன் மனதுக்குள் இருபது வந்ததும் நிறுத்தினார்.

"இருபது."

கோமதியம்மாள் தலையை ஆட்டினார். இடது கையை விரித்தார். ஐந்து. மறுபடி மடக்கி விரித்தார். பத்து. அப்புறம் மூன்று விரல்.

"பதிமூணா? யம்மா, இருபதுடி!"

கோமதியம்மாள் அதே கையைத் தன் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினார். கட்டை அதுவரை போக வேண்டும். ஏழு தடவை போகவில்லை.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், சோற்றுத் தூக்கைக் கொடுக்கக் கூடத்து வாசலுக்கு வந்து நின்று பார்த்தவர் கோமதியம்மாள். எது முழுச் சுற்று, எது அரைச் சுற்று என்று அவருக்குத் தெரியும். அது தெரியும் என்பது கொம்பையாவுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

மீதி ஏழையும் சுற்றினார்.

*

"எப்படிப் போகுது?" என்று கேட்டார் செண்பகவல்லி.

"உங்கப்பா எவ்வளவோ தேவல."

"ஏன்?"

"கை வளைஞ்சா எண்ண மாட்டேங்கா. கால் நகர்ந்தா எண்ண மாட்டேங்கா. நேத்து இருபதுக்கு முப்பத்தொண்ணு சுத்தினேன்."

"தூக்கம்?"

"அது வருது. விடியக்காலம் சங்கு ஊதுற நேரத்துக்குத் தானா முழிப்பு வருது. மில்லு மூடி எத்தனை வருஷமாச்சு, எனக்குள்ள எவன் ஊதுதான்னு தெரியல."

"இன்னைக்கு வண்டியில வந்தீங்களா?"

கொம்பையா வாசலைத் திரும்பிப் பார்த்தார். வண்டி இல்லை. யோசிக்காமல் நடந்து வந்திருந்தார்.

*

மார்கழி தொடங்கி ஒன்பதாம் நாள் என்று சங்கரேஸ்வரி அக்கா சொன்னார்கள். அப்பா நாளைக் குறித்து வைத்திருக்கிறாராம்.

ஏழு, டக். எட்டு, டக். ஒன்பது, டக்.

"பத்து."

கட்டை கொம்பையாவின் பிடரிக்குப் பின்னால் இருந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"கோமு?"

கோமதியம்மாளுக்கும் அது தன்னுடைய குரல்தானா என்று தெரியவில்லை. வாயைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டத்தில் கோபமாகத் தட்டினார். மேலே சுற்று என்று.

கொம்பையா சுற்றினார்.

"பதி... பதினொண்ணு."

மற்ற சொல் எதுவும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அதற்குச் சொல் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. எண்கள் மட்டும் வந்தன. ஆனால் வரிசையாக வந்தன.

*

ஒரு காலையில் செண்பகவல்லி வீட்டுக்கு வந்தார். இன்னொரு குட்டிக் கட்டை கொண்டுவந்திருந்தார்.

"எனக்கு எடையைக் கூட்டப் போறியா தாயி?"

"இது உங்களுக்கு இல்ல அண்ணாச்சி."

கட்டையைக் கோமதியம்மாளின் மடியில் வைத்தார்.

கொம்பையா பதறினார். "அவளா? அவளுக்கு எப்படி?"

"எண்ணினவங்களுக்கு அடுத்தது சுத்து உண்டு. கூடத்து வழக்கம்தான? எத்தனை நாள் அவங்களை எண்ண மட்டும் வச்சிருக்கப் போறீங்க?"

"டாக்டரு..."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பிசியோதெரபின்னு ஒரு காகிதம் கொடுத்தாங்க. படம் எல்லாம் போட்டிருக்கும்."

"எங்க அது?"

"ஃபிரிட்ஜ் மேல."

"எத்தனை மாசமா?"

கொம்பையா போய் எடுத்து வந்தார். மேலே ஒரு தைல பாட்டில் இருந்த வட்டக் கறை. செண்பகவல்லி முழுவதையும் நிதானமாகப் படித்தார். அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். கட்டையைப் பற்றிச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து பேசியவர் என்ன எடை என்று கேட்டார். தோளுக்கு மேலே போகக் கூடாது, வலித்தால் நிறுத்த வேண்டும், கால்கள் தரையில் பதிந்திருக்க வேண்டும் என்றார்.

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இதுல எல்லாம் போட்டிருக்கு அண்ணாச்சி. நான் புதுசா ஒண்ணும் சொல்லல."

"தெரியும் தாயி. எல்லாம் தெரியும். நடந்தா நல்லதுன்னு தெரியும், கை காலை அசைச்சா நல்லதுன்னு தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண?"

"அதான் எனக்கும் தெரியல" என்றார் செண்பகவல்லி.

கோமதியம்மாளைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி, இரண்டு பாதங்களையும் தரையில் வைத்தார். இடது கையில் கட்டையைக் கொடுத்தார். வலது கையை எடுத்து அதன்மேல் மடித்து வைத்தார்.

"மைனி, சுத்த வேண்டாம். நெஞ்சு வரைக்கும் தூக்கி இறக்குங்க. இடது கை தூக்கட்டும். வலது கை கூடப் போகட்டும்."

பிறகு கொம்பையாவைப் பார்த்தார்.

"எதிர்ல உட்காருங்க. எண்ணுங்க."

கட்டை மடியிலிருந்து கிளம்பியது. நடுங்கியது. பாதியில் இறங்கியது.

"ஒண்ணு" என்றார் கொம்பையா.

கோமதியம்மாள் அவரை முறைத்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். பாதிச் சுற்றை எண்ணக் கூடாது.

*

தை மூன்றாம் நாள் சங்கரேஸ்வரி அக்கா வாடகைக் காரோடு வந்தார்கள். அம்மாவின் துணிகளை எடுத்து வைக்கப் பெரிய பையும் கொண்டுவந்தார்கள். இது அவர்கள் கண்ணால் பார்த்தது.

முற்றத்தில் அப்பா சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். சாய்மானம் இல்லை.

"அப்பா, நான் சொன்னேன்லா? காரு நிக்கு."

"இரு. நடுவுல பேசாத."

"என்னப்பா இது விளையாட்டு? அம்மாவை மறுபடி கீழ போட்டீங்கன்னா என்ன செய்வீங்க? எனக்கு அங்க தூக்கம் வரல. போன் அடிச்சாலே நெஞ்சு அடைக்கு."

கொம்பையாவின் கை தளர்ந்தது.

"ஆறு" என்றார் கோமதியம்மாள்.

சங்கரேஸ்வரி அக்கா பையைக் கீழே போட்டார்கள்.

"அம்மா?"

கோமதியம்மாள் மகளைப் பார்க்கவில்லை. கணவரின் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு" என்றார் மறுபடியும்.

"ஏழுடி!" என்றார் கொம்பையா.

"ஆறு."

"இவ பேசுதான்னு நீ வாயில கைவச்சு நிக்க, இவ எனக்கு ஏழைத் தர மாட்டேங்கா. நீயே கேளு சங்கரி. பாத்தியா இல்லையா? முழுசாத்தான சுத்தினேன்?"

சங்கரேஸ்வரி அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததாம். "கை வளைஞ்சுச்சுப்பா" என்றார்களாம்.

காரைத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"சித்திரை வரைக்கும். அதுக்குள்ள ஒரு தடவை விழுந்தாலும் கூட்டிட்டுப் போயிருவேன்."

"ஒரு தடவைகூட விழ மாட்டா" என்றார் கொம்பையா.

அன்று மத்தியானம் மகளுக்கு முன்னால் மனைவியைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். கீழே போடவில்லை. ஆனால் உதடு வெளுத்துவிட்டது. அதை அக்கா பார்த்தார்கள். சொல்லவில்லை.

*

மாசி போனது. பங்குனி போனது. இருபது இருபதாக இருந்தது. முப்பதாகவில்லை. செண்பகவல்லி பெரிய கட்டை கொடுக்கவில்லை. கொம்பையாவும் கேட்கவில்லை.

காலையில் அவர் சுற்ற, கோமதியம்மாள் எண்ணுவார். பிறகு கோமதியம்மாள் தூக்க, அவர் எண்ணுவார். எண்களுக்கு நடுவில் வேறு சொற்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முதலில் வந்தது 'கை'. அடுத்தது 'வளையுது'. அவர் பெயரை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அது நோயினாலா, அந்தக் காலத்து வழக்கத்தினாலா என்று யாருக்கும் தெரியாது.

பங்குனி உத்திரத்தன்று கழுகுமலைக்குப் போகிறவர்கள் தெருவில் நடந்து போனார்கள். கட்டிலை வாசலருகே நகர்த்திப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"பொரிகடலை" என்றார் கோமதியம்மாள்.

கொம்பையா கடைக்கு ஓடினார். ஓடினோம் என்பதே திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

*

சித்திரை பிறந்து ஒரு வாரம். கொம்பையா கூடத்துக்கு வந்தார். முகம் சரியில்லை.

செண்பகவல்லி பிள்ளைகளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"விழுந்துட்டாங்களா?"

"இல்ல."

"பின்ன?"

"தாயி, அவ உருகிப் போறா."

"என்ன சொல்லுதீங்க?"

"கார்த்திகையில தூக்கும்போது கல்லு மாதிரி இருந்தா. தையில மூட்டை மாதிரி. இப்ப..." கையை விரித்துக் காட்டினார். "இப்ப கையில ஒண்ணுமே தெரியல. பஞ்சு மாதிரி வாறா. நல்லாச் சாப்பிடத்தான் செய்யுதா. ரெண்டு இட்லி மூணு இட்லி ஆயிருக்கு. எல்லாம் எங்க போகுது? உள்ளுக்குள்ள வேற ஏதோ சீக்கு இருக்கு. எனக்குச் சொல்லாம இருக்கா."

கண் கலங்கிவிட்டது.

"நான் பலம் வேணும்னு வந்தேன் தாயி. அவ இப்படி இல்லாமப் போறதுக்கா?"

செண்பகவல்லி அவருடைய கைகளைப் பார்த்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி நாளு தான?"

"ஆமா."

"எடை பாப்பாங்களா?"

"பாப்பாங்க. போன தடவை சக்கர நாற்காலியோட ஏத்தி, அப்புறம் நாற்காலியைத் தனியா வச்சுக் கழிச்சாங்க."

"இந்தத் தடவை நாற்காலி வேண்டாம்னு சொல்லுங்க. அவங்களை மிஷின்ல ஏறி நிக்கச் சொல்லுங்க."

"நிக்கவா? அவ எப்படி..."

கொம்பையா நிறுத்தினார்.

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். அன்று காலை மனைவியின் அக்குளுக்குக் கீழே கொடுத்த அதே மாதிரி நீட்டினார். கைகள் அங்கே இருந்தன. அவள் தலை இங்கே, தோளுக்கு நேராக இருந்தது. அவள் பாதங்கள்?

அவள் பாதங்கள் எங்கே இருந்தன?

காலியாக நீட்டிய கைகளோடு, செம்மண்ணுக்கு நடுவில், அவர் அப்படியே நின்றாராம்.

*

சங்கரேஸ்வரி அக்கா கதையை இதோடு முடித்துவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கேட்டதை அப்படியே எழுதிவிடக் கூடாது என்று ஒரு பயம். ஆஸ்பத்திரி அட்டையைப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அடுத்த வாரம் அம்மாவிடம் அனுமதி கேட்டுக் கொண்டுவந்து காட்டினார்கள்.

மார்கழியில்: நாற்பத்தாறு கிலோ, நாற்காலி எடை கழித்து.

சித்திரையில்: ஐம்பது கிலோ, நின்றபடி.